களஞ்சிய மென்பொருளின் வெளியீட்டுத் திட்டமிடல்: ஒரு விமர்சன நோக்கு

1

ஆய்வேடுகள், சஞ்சிகைகள், கையெழுத்துப் பிரதிகள், தோட்டப் பதிவேடுகள் முதலியன இன்று மின்வடிவிலே களஞ்சியங்களிற் சேர்க்கப்பட்டு வருகின்றன. இக்களஞ்சியங்களில் எவை இடம்பெற்றுள்ளன, எவை விடுபட்டுள்ளன என்பன பற்றி ஓரளவு பேசப்படுகின்றது. ஆனால், அவற்றைத் தாங்கி நிற்கும் மென்பொருள் எப்போது மாறுகின்றது, யாருடைய தீர்மானத்தின்படி மாறுகின்றது, அம்மாற்றத்தின் செலவை யார் சுமக்கின்றனர் என்னும் வினாக்கள் தமிழ்ச் சூழலிலே எழுப்பப்படுவது அரிது. இவை கணினித் துறையினரின் உள்விவகாரம் என்று ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. அவ்வாறு ஒதுக்குதல் தவறாகும். களஞ்சிய மென்பொருளின் வெளியீட்டுத் திட்டம் என்பது எந்த ஆவணம் எவ்வளவு காலம் வாழும் என்பதைத் தீர்மானிக்கின்ற ஒரு சமூக ஏற்பாடு. ஆகவே அது விமர்சனத்துக்கு உரியது.

வெளியீட்டுத் திட்டமிடல் மூன்று தீர்மானங்களை உள்ளடக்கியது. எந்த வசதி எந்தப் பதிப்பிலே இடம்பெறும் என்பது ஒன்று; அப்பதிப்பு எந்நாளிலே பொதுப் பயன்பாட்டுக்கு விடப்படும் என்பது மற்றொன்று; பழைய பதிப்புக்கு எந்நாள் வரையிலே பிழைதிருத்தமும் பாதுகாப்புத் திருத்தமும் வழங்கப்படும் என்பது மூன்றாவது. முதலிரண்டும் பலரது கவனத்தையும் ஈர்ப்பன. களஞ்சியத்தைப் பொறுத்தவரை மூன்றாவதே உயிர்நாடியானது. திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் பெறலாம், படிக்கலாம், மாற்றலாம். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. எனினும், ஆதரவு நிறுத்தப்பட்ட பதிப்பொன்றைத் தொடர்ந்து இணையத்திலே இயக்குவது, பழுதான பூட்டோடு பண்டகசாலையை வைத்திருப்பதை ஒத்ததேயாம். புதிய பதிப்புக்கு மாறுவதாயின் ஆளும் பொறியும் வேண்டும். எனவே, ஓரிடத்தில் குறிக்கப்படும் ஒரு நாள், வேறோரிடத்தில் ஒருவர்மீது விதிக்கப்படும் கடமையாகிவிடுகின்றது.

2

இவ்வினாவின் கனத்தை உணர்வதற்கு மாத்தளை மாவட்டத்து எல்கடுவயைச் சான்றாகக் கொள்ளலாம். மாத்தளை நகருக்குத் தென்கிழக்கே, ஹுன்னஸ்கிரிய மலைப்பகுதியை அடுத்து அமைந்த இவ்வூர் பெருந்தோட்டங்களால் அறியப்படுவது. அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்டக் கொம்பனி ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளரது வழித்தோன்றல்கள் இம்மாவட்டத்தின் மலைச்சரிவுகளிலே பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளிற் பெரும்பாலானவை அவர்களால் எழுதப்பட்டவையல்ல. செக்ரோல் ஏடு, கங்காணியின் பற்றுக்கணக்கு, தோட்டப் பாடசாலையின் வரவுப் பதிவேடு, பிறப்பு இறப்புக் குறிப்பு என்பனவே அம்மக்களின் இருப்பை எடுத்துரைப்பன.

இச்சான்றுகள் ஆய்வாளருக்கு மட்டும் பயன்படுவன என்று கருதுதல் வரலாற்றை மறப்பதாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் பயனாக மலையக மக்களிற் பெரும்பான்மையினர் குடியுரிமையின்றி விடப்பட்டனர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவுமாறு வேண்டியது. லயத்து அறையிலே, மழை ஒழுகும் கூரையின்கீழ், பத்தாண்டுக் காலத்துத் துண்டுச் சீட்டுக்களைப் பேணி வைத்திருக்குமாறு ஒரு தொழிலாளியிடம் எவரும் முன்னர் சொன்னதில்லை. சான்று கேட்கப்பட்ட நாளிலேதான் சான்றின் அருமை தெரியவந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்ற நிலைக்கு இறுதித் தீர்வாக அமைந்த 35ஆம் இலக்கச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது.

இதற்கிடையிலே தோட்டங்களும் கைமாறின. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களினால் அவை அரசின் வசமாயின. 1992இல் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கொம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் நிலமும் தொழிற்சாலையும் கணக்கெடுக்கப்பட்டன. பழைய ஏடுகளைப் பேணும் கடப்பாடு யாருடையது என்னும் வினா அத்தகைய கைமாற்றங்களிலே எளிதில் விடுபட்டுப்போகும் ஒன்றாகும். மென்பொருளின் பதிப்பு மாற்றமும் ஒரு கைமாற்றமே. அங்கும் அதே வினா எழுகின்றது.

3

எல்கடுவத் தோட்டப் பதிவேடு ஒன்று மின்வடிவாக்கப்படுமெனக் கொண்டால், அது சென்று சேரக்கூடிய இடங்கள் இரு வகைப்பட்டன. பல்கலைக்கழக நூலகங்களின் களஞ்சியங்கள் ஒரு வகை. தன்னார்வ முயற்சியாக வளர்ந்த களஞ்சியங்கள் மற்றொரு வகை.

பேராதனை, யாழ்ப்பாணம், மொறட்டுவை, தென்கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களின் நூலகங்கள் தத்தம் களஞ்சியங்களை 'டீஸ்பேஸ்' என்னும் மென்பொருளின் மீது அமைத்துக்கொண்டன. இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு நூலக நிறுவனமாகும். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நூலகத் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்தது. அதன் நூற்பட்டியற்றளம் மீடியாவிக்கியின் மீதும், ஒலி, ஒளிப்படம் முதலியவற்றுக்கான 'ஆவணகம்' என்னும் பல்லூடகக் களஞ்சியம் 'ஐலண்டோரா' என்னும் மென்பொருளின் மீதும் அமைக்கப்பட்டன. 1981 யூன் தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியுண்ட சமூகத்திலே இத்தகைய முயற்சி தோன்றியமை இயல்பானதே. தீயினால் வரும் அழிவு எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆதரவிழந்த மென்பொருளினால் வரும் அழிவோ நாளும் திகதியும் குறிக்கமுடியாதபடி மெல்ல வருவது. அதனாலேயே முன்னையதைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குப் பின்னையதைப் பற்றி எழுதப்படவில்லை.

4

டீஸ்பேஸ் 2002ஆம் ஆண்டு மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் நூலகங்களும் ஹியூலற் பக்கார்ட் ஆய்வுகூடமும் இணைந்து வெளியிட்டதாகும். காலப்போக்கிலே அதற்கு ஒன்றுக்கொன்று வேறான இரு இடைமுகங்கள் உருவாயின. ஒரே திருத்தத்தை இரண்டிலும் தனித்தனியே செய்ய வேண்டிய நிலை நிரலாளர்களுக்குப் பெருஞ்சுமையாயிற்று. இரண்டையும் கைவிட்டுப் புதிய தனி இடைமுகமொன்றை அமைப்பதென்று முடிவு செய்யப்பட்டது. இம்முடிவு நியாயமானது. குறை முடிவிலன்று, அதனை நிறைவேற்றிய காலக்கணக்கிலேயே காணப்படுகின்றது.

ஆறாம் பதிப்பு 2016 ஒக்ரோபரில் வந்தது. ஏழாம் பதிப்பு 2021 ஓகஸ்டிலேயே வெளியாயிற்று. இடைக்காலம் ஏறத்தாழ ஐந்தாண்டுகள். பழைய பதிப்பின் வசதிகள் அனைத்தும் புதியதில் இடம்பெற்ற பின்னரே வெளியிடுவது என்றிருப்பின் அந்நாள் இன்னும் தள்ளிப்போயிருக்கும். ஆகவே சில வசதிகள் பின்வெளியீடுகளுக்கு ஒத்திவைக்கப்பட்டன. 7.1 தொடக்கம் 7.6 வரையிலான ஆறு வெளியீடுகள் 2021 நவம்பருக்கும் 2023 யூனுக்கும் இடையிலே சில மாதங்களுக்கு ஒருமுறை வந்தன. விடுபட்ட வசதிகளிற் பல அவற்றின் வழியாக மீண்டன. வசதி நிறைவுறும்வரை நாளைத் தள்ளிப்போடும் முறையைக் கைவிட்டு, நாளை நிலையாக வைத்து வசதியைப் பங்கிடும் முறையை மேற்கொண்டமை திட்டமிடற் கலையிலே ஒரு முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் இவ்வளர்ச்சியின் மறுபக்கம் நோக்கத்தக்கது. ஐந்தாம் பதிப்புக்கான ஆதரவு 2023 சனவரி 1இலும் ஆறாம் பதிப்புக்கான ஆதரவு 2023 யூலை 1இலும் முடிவுற்றன. ஏழாம் வரிசையில் புதிய வசதிகளைத் தாங்கி வந்த இறுதி வெளியீடாகிய 7.6 வந்தது 2023 யூனில். அதாவது, புதிய வீடு முழுமையடைந்த மாதத்துக்கு அடுத்த மாதமே பழைய வீட்டின் கதவு மூடப்பட்டது. போதிய நிரலாளரைக் கொண்ட பெரும் பல்கலைக்கழகங்கள் 7.0 வந்த நாள் முதலே படிப்படியாகப் பெயரத் தொடங்கியிருக்க முடியும். ஒரே ஒருவர் நூலகக் கடமைகளுக்கிடையே சேவையகத்தையும் பார்த்துக்கொள்ளும் நிறுவனமோ, எல்லா வசதிகளும் நிறைவுற்ற பதிப்பு வரட்டும் என்று காத்திருப்பதே விவேகமாகும். அவ்வாறு விவேகமாகக் காத்திருந்தோருக்குக் கிடைத்த அவகாசம் சில கிழமைகளே.

அக்காலப்பகுதி இலங்கையில் எவ்வாறிருந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையில் மின்வெட்டு நிலவியது. ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டது. எரிபொருள் இன்மையால் வகுப்புக்கள் இணையவழிக்கு மாறின. புதிய டீஸ்பேசோ முன்னையதைவிடக் கூடிய நினைவகத்தை வேண்டுவது. பழைய இடைமுகத்துக்கென்று செய்துகொண்ட மாற்றங்களையெல்லாம் புதிய நிரல்மொழியிலே மீள எழுதுமாறு கோருவது. உலகின் ஒரு பகுதியிலே நிதானமாகக் குறிக்கப்பட்ட நாட்கள், மற்றொரு பகுதியிலே இறக்குமதிக்கு அந்நியச் செலாவணியே இல்லாத நாட்களாக அமைந்தன. இதனை எவரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆயினும், திட்டமிடுவோர் தமது சூழலை எல்லோரது சூழலாகவும் கருதும் பழக்கம் இதன்மூலம் வெளிப்படுகின்றது.

டீஸ்பேசின் நிறையொன்றையும் இங்கு கூறுதல் நீதியாகும். இடைமுக மாற்றம் கடினமாயினும், பழைய பதிப்புக்களின் தரவுத்தளத்தைப் புதியதற்கேற்ப மாற்றும் வழி மென்பொருளோடேயே தரப்பட்டது. வீட்டின் அலங்காரம் போயினும் பெட்டகத்துப் பொருள் இடம்பெயர வழியிருந்தது.

இன்றுள்ள நடைமுறை வேறொரு கவலையைத் தோற்றுவிக்கின்றது. எட்டாம் பதிப்பு 2024இலும் ஒன்பதாம் பதிப்பு 2025இலும் வெளியாயின. ஆண்டுக்கொரு பெரும்பதிப்பு என்பது கொள்கையாயிற்று. அண்மைய மூன்று பெரும்பதிப்புக்களுக்கே ஆதரவு என்னும் விதியோடு இதனை இணைத்து நோக்குமிடத்து, ஒரு பதிப்பின் ஆயுள் ஏறக்குறைய மூன்றாண்டுகள் என்றாகின்றது. இது பல்கலைக்கழகத்தின் பொதுப் பட்டப்படிப்பொன்றின் காலமாகும். 1949ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட பத்தாண்டுச் சான்றைப் பேணுவதற்கு இன்றைய களஞ்சியமொன்று மூன்று முறையேனும் பெயரவேண்டியிருக்கும். சிறிய மாற்றங்களை அடிக்கடி செய்வது, பெரிய மாற்றத்தை அரிதாகச் செய்வதிலும் எளிது என்பது இம்முறையை ஆதரிப்போரின் வாதம். ஒவ்வோராண்டும் அப்பணிக்கென ஆள் உள்ள இடத்தில் அவ்வாதம் உண்மையே. ஆள் இல்லாத இடத்தில், அடிக்கடி வரும் சிறு கடமையும் செய்யப்படாத கடமையாகவே முடியும்.

5

ஐலண்டோராவின் கதை மற்றொரு படிப்பினையைத் தருகின்றது. கனடாவின் பிறின்ஸ் எட்வேட் தீவுப் பல்கலைக்கழகத்திலே 2006ஆம் ஆண்டு தோன்றிய இம்மென்பொருள் தனித்து நிற்பதன்று. பார்வைக்குரிய பகுதி 'ட்ரூபல்' மீதும், பேணுதற்குரிய பகுதி 'பெடோரா' என்னும் களஞ்சிய மென்பொருள் மீதும் அமைந்தவை. இரு தூண்களின் மேல் நிற்கும் மண்டபத்துக்கு இரு தூண்களின் ஆயுளும் கணக்கிலெடுக்கப்பட வேண்டும். ஐலண்டோராவின் ஏழாம் வரிசை ட்ரூபல் ஏழையும் பெடோரா மூன்றையும் நம்பியிருந்தது.

பெடோராவின் மூன்றாம் வரிசை ஒவ்வொரு பொருளையும் அதன் விவரக் குறிப்புகளோடு கோப்புக்களாகவே வட்டிலே எழுதிவைத்தது. மென்பொருள் செயலிழந்தாலும் கோப்புக்களைத் திறந்து வாசித்து உள்ளடக்கத்தை மீட்கலாம் என்பதே அதன் பெரும் வாக்குறுதியாகும். 2014இல் வந்த நான்காம் பதிப்பு புதிய தரவு மாதிரியொன்றை ஏற்று, அவ்வெளிப்படையான சேமிப்பு முறையைக் கைவிட்டது. நிறுவனங்கள் பல மூன்றாம் வரிசையிலேயே தங்கிவிட்டன. அது சோம்பலன்று, புதியதிலே தாம் இழக்கப்போவது என்னவென்று அவை அறிந்திருந்தன. மூன்றாம் வரிசையின் கடைசி வெளியீடோ 2015இல் வந்ததாகும். இறுதியில் 2021இல் வெளியான ஆறாம் பதிப்பு, கோப்புக்களை மென்பொருளின்றியும் வாசிக்கத்தக்க பொதுவான அடுக்குமுறைக்கு மீண்டது. மூன்றாம் வரிசையிலே தங்கிவிட்டோரை நேரடியாக அழைத்துவருவதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஏழாண்டுகள் முன்னோக்கிச் சென்ற ஒரு திட்டம், பின்னால் நின்றோரைத் திரும்பிப் பார்த்துத் தன் பாதையைத் திருத்திக்கொண்ட அரிய நிகழ்ச்சி இதுவாகும். விட்டுச்செல்லப்பட்டவர்களின் தயக்கம் அங்கே விமர்சனமாகவே தொழிற்பட்டது.

ட்ரூபல் ஏழின் இறுதிநாளும் இவ்வாறே நகர்ந்தது. 2011இல் வெளியான அப்பதிப்பின் ஆதரவு 2021 நவம்பரில் முடியுமெனக் கூறப்பட்டு, பின் 2022, 2023 எனத் தள்ளப்பட்டு, ஈற்றில் 2025 சனவரி 5இல் முடிவுற்றது. முதல் ஒத்திவைப்புக்குப் பெருந்தொற்று காரணமாயிற்று. புதிய ஐலண்டோராவின் முதல் வெளியீடு வந்தது 2019இல். எனவே, பழையதும் புதியதும் ஒருங்கே உயிரோடிருந்த காலம் ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்டது. டீஸ்பேசின் சில கிழமைகளோடு இதனை ஒப்பிட்டு நோக்கின், சிறு களஞ்சியங்களுக்கு எது வாழ்வளிப்பது என்பது விளங்கும். நாளைத் தள்ளிப்போடுவது ஒழுங்கின்மை என்று இகழப்படுவதுண்டு. களஞ்சிய உலகில் அது கருணையாகவும் அமையக்கூடும்.

6

இக்கண்டனத்துக்கு மறுப்பு உண்டு. பழைய பதிப்புக்களை எக்காலமும் தாங்குவது எவராலும் இயலாது. பராமரிப்போர் சிலரே, அவர்களிற் பலர் தமது நிறுவனம் விடுத்த நேரத்தைக் கொண்டு உழைப்பவர்கள். பாதுகாப்பற்ற பழைய பதிப்பை ஆதரிப்பதாகப் பாசாங்கு செய்வதிலும், முடிவுநாளை நேர்மையாக அறிவிப்பதே மேல். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயின், இங்கு வேண்டப்படுவது முடிவில்லாத ஆதரவன்று. புதியது முழுமை பெற்ற நாளிலிருந்தே பழையதன் இறுதிக்காலம் எண்ணப்பட வேண்டும். மென்பொருள் நின்றாலும் உள்ளடக்கம் வாசிக்கத்தக்கதாக எஞ்ச வேண்டும். இவ்விரண்டுமே கேட்கப்படுகின்றன. முன்னதிலே டீஸ்பேசின் ஏழாம் பதிப்பு தவறியது. பின்னதிலே பெடோராவின் நான்காம் பதிப்பு தவறி, ஆறாம் பதிப்பு தேறியது.

குறை ஒரு பக்கத்தது மட்டுமன்று. கட்டணமில்லை என்பதையே திறந்த மூல மென்பொருளின் முழுப் பொருளாக நம் சூழல் விளங்கிக்கொண்டது. தருவதை எடுத்துக்கொள்வதில் காட்டிய ஆர்வம், தீர்மானிப்பதிற் பங்குகொள்வதிலே காட்டப்படவில்லை. டீஸ்பேசின் நெறிப்படுத்தலில் உறுப்பினர் கட்டணம் செலுத்தும் நிறுவனங்களின் குரலுக்கு இடமுண்டு. எம்போன்ற நாடுகளின் நூலகங்களுக்கு அக்கட்டணம் சுமையே. எனினும் பணமின்றி நுழையத்தக்க வாயில்களும் உள. ஏழாம் பதிப்பு வெளியாகுமுன் 2021இலே பொதுச் சோதனைக் காலம் ஒன்று நடத்தப்பட்டது. எவரும் பங்குகொண்டு குறைகளைச் சுட்டலாம். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்திருந்தாற் போதும் என்னும் பணிகள் அங்கே பல. டீஸ்பேசின் பழைய இடைமுகம் ஆசிரியர் பெயரைக் குடும்பப்பெயர், முதற்பெயர் என இரு பெட்டிகளிலே இடுமாறு கேட்டது. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்ட தமிழருக்குக் குடும்பப்பெயர் எது? ஒரே ஆசிரியர் மூன்று பெயர்களிலே பட்டியலில் நிற்பதற்கு இது வழிவகுப்பது. தமிழ் அகரவரிசை பிறழாது வருகின்றதா, உயிர்மெய்யெழுத்துக்கள் தேடலிலே சிதையாது நிற்கின்றனவா என்பவற்றைச் சோதிக்க மொழி மாணவனைவிடத் தகுதியுடையவர் யார்? சொல்லப்படாத குறை எந்த வெளியீட்டுத் திட்டத்திலும் இடம்பெறாது.

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகம் நூலக நிறுவனத்தோடு இணைந்து செயற்பட்டுள்ளமை இங்கு குறிப்பிடத்தக்கது. ஐலண்டோராவின் ஆக்கத்திற் பங்குகொள்ளும் நூலகமொன்று தமிழ்க் களஞ்சியத்தின் கூட்டாளியாகும்போது, அக்களஞ்சியத்தின் தேவை திட்டமிடுவோரின் மேசைக்குச் செல்ல வழி பிறக்கின்றது. அத்தகைய வழியைப் புலம்பெயர் நாடொன்றிலிருந்து பெறமுடியுமாயின், எல்கடுவயிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலுள்ள பேராதனையிலிருந்து ஏன் பெறமுடியாது என்பது சிந்திக்கத்தக்கது.

7

மொத்தத்தில், களஞ்சிய மென்பொருளின் வெளியீட்டுத் திட்டத்தை அதன் புதுமையைக் கொண்டோ, குறித்த நாளிலே வந்தமையைக் கொண்டோ மட்டும் மதிப்பிடுதல் போதாது. மிகக் குறைந்த வளமுடைய காப்பாளரை அது தன்னோடு அழைத்துச் சென்றதா என்பதே உரைகல்லாக அமைய வேண்டும். 1949இலே சான்று கேட்டவர்கள் அச்சான்றைப் பேணும் வசதியை எவருக்கும் அளித்ததில்லை. சான்றில்லாமை பின்னர் அம்மக்களின் குற்றமாகவே எண்ணப்பட்டது. நாளை ஓர் ஆய்வாளரோ, தன் பாட்டனின் பெயரைத் தேடும் ஓர் எல்கடுவ இளைஞரோ களஞ்சியத்தைத் திறக்கும்போது, பக்கம் கிடைக்கவில்லை என்னும் விடையே வருமாயின், அதுவும் அவ்வாறே யாருடைய குற்றமுமற்ற ஒன்றாகத் தோன்றும். உண்மையில் அது எங்கோ எவரோ குறித்த ஒரு நாளின் விளைவாகவும், அந்நாள் குறிக்கப்பட்ட வேளையில் இங்கு எவரும் வாய்திறவாதிருந்ததன் விளைவாகவும் இருக்கும். செக்ரோல் ஏட்டிலே பெயர் பதியப்படுவதைத் தீர்மானிக்கும் உரிமை அம்மக்களின் முன்னோருக்கு இருக்கவில்லை. களஞ்சியத்திலே அப்பெயர் நிலைப்பதைத் தீர்மானிக்கும் அவையிலோ இன்று இடம் கோரமுடியும். அதனைக் கோருவது தமிழ்க் கல்வியுலகின் கடமையாகும்.